கொல்லையில் நடமாடும் சாரைப்பாம்பை அப்படியே விட்டுவிடலாமா?

காட்பாடி மல்லிகை:

அனைவருக்கும் வணக்கம். கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து தோட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்படி அதிகமில்லை. கீரைப் பாத்தி காய்ந்துவிட்டது. குண்டுமல்லி மட்டும் வெயிலுக்குச் சளைக்காமல் பூத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் நல்ல செய்தி உண்டு. வளைகாப்பு முடிந்து, என் மகளைத் தலைப்பிரசவத்திற்கு அழைத்து வந்திருக்கிறோம். அவள் வந்த பிறகு, இதுவரை நாங்கள் பெரிதாக எண்ணாத ஒன்று வீட்டில் தினசரிப் பேச்சாகிவிட்டது. அதைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வந்தேன்.

எங்கள் கொல்லையில் பெரிய பாம்பு ஒன்று நடமாடுகிறது. வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் துவைக்கும் கல்லின் ஓரமாக வெளியே வந்து, மதிலடியில் ஊர்ந்து, மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டைகள் வைத்திருக்கும் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியுள்ள தென்னை மட்டைகளுக்குள் நுழைந்துவிடும். ஆளைக் கண்டால் நிற்பதே இல்லை. பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். 6 அடிக்குக் குறையாது என்கிறார் என் கணவர். சென்ற வாரம் முருங்கை மரத்தடிக் கற்களுக்கு இடையில் சட்டை உரித்துப் போட்டிருந்தது. கண்ணை மூடியிருக்கும் வட்டச் செதில்கூடக் கிழியாமல் அதில் அப்படியே இருந்ததை மகள் வெகு நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மாமியார் அதைத் தொடவே கூடாது என்கிறார். பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டால் பாம்புக்குக் கண் தெரியாமல் போய்விடும், அதனால் பயமில்லை என்பது அவர் நம்பிக்கை. சம்பந்தி வீட்டாரோ, குழந்தை பிறப்பதற்குள் அதை அடித்துவிட வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சாரை இருக்கும் இடத்திற்கு நல்லபாம்பு தேடி வரும், இரண்டும் ஆணும் பெண்ணும்தான் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரும் சொல்கிறார். இது சாரைதான் என்று எப்படி உறுதி செய்வது? சாரைதான் என்றால், பச்சைக் குழந்தை வரப்போகும் வீட்டில் அதை விட்டுவைக்கலாமா?

குடியாத்தம் ஆசிரியர்:

அம்மா, முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள். நலமாகப் பிள்ளை பெற்று வரட்டும்.

நீங்கள் சொல்லும் நீளம், நிறம், பகலில் நடமாடும் பழக்கம், ஆளைக் கண்டதும் விரைந்து ஓடுவது ஆகிய எல்லாமே சாரைக்குப் பொருந்துகின்றன. இருந்தாலும் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். படம் விரிக்காத நல்லபாம்பும் தூரத்துப் பார்வைக்கு ஏறக்குறைய இப்படியேதான் தெரியும். அருகில் போகாமல், கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பாருங்கள். சாரையின் கண் அதன் தலைக்குப் பெரியது, பாவை வட்டமானது. உதட்டுச் செதில்களின் ஓரங்களில் செங்குத்தான கறுப்புக் கோடுகள் இருக்கும். தலையைவிடக் கழுத்து நன்றாகவே ஒடுங்கியிருக்கும். உடலின் பின்பாதியிலிருந்து வால் வரை கறுப்புப் பட்டைகள் தெரியும். நல்லபாம்புக்கு அந்த உதட்டுக் கோடுகள் இல்லை. கழுத்தும் அவ்வளவு ஒடுங்கித் தெரியாது. சாரையை மூலையில் மடக்கினால் அது கழுத்தைப் பக்கவாட்டில் தட்டையாக்கி உறுமுவது உண்டு. அதைப் படமெடுப்பதாக நினைத்து அடித்துக் கொன்றவர்கள் நம் ஊர்ப்பக்கம் பலர்.

சாரை ஆண், நல்லபாம்பு பெண் என்ற பேச்சு தமிழ்நாடு முழுவதும் உள்ளது. இரண்டும் வெவ்வேறு இனங்கள், ஒன்றோடொன்று சேர்வதில்லை. ஒவ்வோர் இனத்திலும் ஆணும் பெண்ணும் தனித்தனியே உண்டு. வயல் வரப்பில் இரண்டு பாம்புகள் உடலை முறுக்கிக்கொண்டு தலையை உயர்த்தி நிற்பதைக் கண்டு பிணையல் என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகள், ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அழுத்த முயன்று நடத்தும் பலப்பரீட்சை. நல்லபாம்பு மற்றப் பாம்புகளையும் தின்னும், சாரையும் அதற்கு இரையாவதுண்டு. அவ்வளவுதான் அவை இரண்டுக்கும் உள்ள உறவு. சாரை வாலால் அடித்தால் உடம்பு அழுகும் என்பதிலும் உண்மையில்லை. அதற்கு நஞ்சே கிடையாது. பிடிக்கப் போனால் பல் பதியக் கடிக்கும், அந்தக் காயத்தைக் கழுவி மருத்துவரிடம் காட்டினால் போதும்.

அடிக்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சாரையையும் காக்கிறது. அதோடு, பாம்புக்கடிகளில் கணிசமானவை, ஒருவர் பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ போகும்போது நேர்பவை.

ராணிப்பேட்டை வாசகர்:

ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விட்டுவிடலாம் என்பதோடு பேச்சை முடிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சாரை கொல்லைக்கு வருவது எலிக்காக. எலி இருக்கும் இடத்திற்கு நல்லபாம்பும் அதே காரணத்திற்காக வரும். பக்கத்து வீட்டுப் பெரியவர் கண்டதில் உண்மையும் உண்டு, அவர் சொல்லும் காரணம்தான் தவறு. ஆகவே உங்கள் வீட்டில் கவலைப்பட வேண்டியது சாரையைப் பற்றி அல்ல, அந்த மல்லாட்டை மூட்டைகளைப் பற்றித்தான்.

மகளின் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் நம் பக்கம் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் பாய் விரித்துப் படுப்பது வழக்கம். கட்டுவிரியன் இரவில்தான் வெளிவரும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுவார்கள், பிறகு இமை தானாகக் கீழிறங்கத் தொடங்கும். அதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்து நேரத்தைக் கடத்தியதால் எங்கள் உறவில் ஓர் இளைஞனை இழந்தோம். அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன். மகளும், பிறகு குழந்தையும், கட்டிலில் கொசுவலைக்குள் படுக்கட்டும். வலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். இரவில் கொல்லைப்பக்கம் போவதானால் கையில் டார்ச் விளக்கு இருக்க வேண்டும்.

யாருக்காவது கடி நேர்ந்தால் கட்டுப் போடுவதும், கீறி இரத்தம் எடுப்பதும், வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். வளையல், மெட்டி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்துதான் கொடுக்கிறார்கள். கருவுற்ற பெண்ணுக்கும் அதுவே மருந்து. பாம்புக்குக் கண் தெரியாது என்ற நம்பிக்கையில் யாரும் தாமதித்துவிடக் கூடாது.

அணைக்கட்டு விவசாயி:

அக்கா, எங்களுக்கு முள்கத்தரித் தோட்டமும் கொஞ்சம் மானாவாரி மல்லாட்டையும் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த அதே இலவம்பாடி முள்கத்தரிதான். இந்த ஆண்டு காய்ப்பு நன்றாக இருக்கிறது. மல்லாட்டை முற்றும் காலத்தில் எலி செய்யும் சேதம் கொஞ்சநஞ்சமில்லை. தின்பது ஒரு பங்கு என்றால் வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து வைப்பது வேறு. முன்பெல்லாம் எங்கள் பக்கத்து இருளர் பெரியவர்கள் வந்து வளையை வெட்டி எலியைப் பிடித்துவிட்டு, உள்ளே சேர்ந்திருக்கும் காய்களைக் கூடையில் அள்ளுவதை நான் சிறுவனாக இருந்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முறிமருந்து செய்வதற்கான நஞ்சை எடுத்துத் தருவதும் அந்த மக்களே. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கியபோது எங்கள் ஊரில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

தோட்டத்தில் சாரை தென்பட்டால் எங்கள் வீட்டில் யாரும் கல்லெடுப்பதில்லை. வளைக்குள் புகுந்து எலிக்குஞ்சு வரை தின்னும் வேலையை மருந்தும் பொறியும் செய்வதில்லை. எலி மருந்து வைப்பதானால், மருந்தைத் தின்ற எலியைத் தின்னும் ஆந்தைக்கும் அது கேடு என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு செய்தியை மட்டும் கவனமாகக் கேளுங்கள். காய்ந்த கீரைப் பாத்திக்கு மறுபடி விதைக்கும்போது கோழிக்கும் மயிலுக்கும் பயந்து நைலான் வலை போடாதீர்கள். போன ஆண்டு எங்கள் நாற்றங்கால் வலையில் ஒரு சாரை சிக்கிக்கொண்டது. முன்னே போகத்தான் அதற்குத் தெரியும். பின்வாங்க முயன்றால் செதிலில் நூல் மாட்டி மேலும் இறுகும். தீயணைப்பு நிலையத்தார் வந்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் சிறு கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி எடுத்தார். கழுத்தைச் சுற்றி நூல் அறுத்த தடம் சிவந்திருந்தது. விட்டதும் வேலியோரமாக ஓடிவிட்டது. வீட்டுக்குள்ளேயே பாம்பு நுழைந்துவிட்டால் நீங்களும் 101ஐ அழையுங்கள். நீங்களாகப் பிடிக்க முயல வேண்டாம்.

காட்பாடி மல்லிகை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுக் காலை படம் கிடைத்தது. ஆசிரியர் ஐயா சொன்ன உதட்டுக் கோடுகள் தெளிவாகவே தெரிகின்றன, வால் பகுதியில் பட்டைகளும் இருக்கின்றன. அதை மகள் தன் மாமியாருக்கு அனுப்பி, அவளே பேசியும் விட்டாள். அவர்கள் முழுமனதோடு ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது. அடிக்கச் சொல்வதை நிறுத்தியிருக்கிறார்கள். என் கணவர் மல்லாட்டை மூட்டைகளைச் செக்குக்கு அனுப்பிவிட முடிவு செய்திருக்கிறார். எப்படியும் எண்ணெய் ஆட்ட வேண்டியதுதான். தென்னை மட்டைகளை ஆள் வைத்து, ஒவ்வொன்றாகக் கழியால் இழுத்து, மதிலின் அந்தக் கோடிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். மகளின் கட்டிலுக்குக் கொசுவலை கட்டியாயிற்று. இன்னும் ஒன்று பாக்கி: குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய் வாய் நேராகக் கொல்லையில் திறக்கிறது. அதற்கு எந்த அளவுக் கம்பிவலை போடுவது?

குடியாத்தம் ஆசிரியர்:

கால் அங்குலத்திற்கு மேற்படாத கண் உள்ள இரும்புக் கம்பிவலையாக வாங்குங்கள் அம்மா. அதைவிடப் பெரிய கண்ணில் கட்டுவிரியன் குட்டி நுழைந்துவிடும். முடியும் குப்பையும் அடைத்துக்கொள்ளும் என்பதால், கழற்றிக் கழுவி மறுபடி மாட்டும்படியாகப் பொருத்தச் சொல்லுங்கள். கொல்லைக் கதவின் அடியில் இடைவெளி இருந்தால் அதற்கும் ஒரு ரப்பர் பட்டை அடித்துவிடுவது நல்லது.