படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைப்பது: உங்கள் அனுபவம் என்ன?

தஞ்சை சிஸ்டர்:
நரம்பியல் வார்டில் வேலை பார்க்கிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு மருந்து நேரத்துக்குப் போய்விடும். புரட்டிப் படுக்க வைப்பதுதான் விட்டுப்போகும். இரவு ஷிஃப்ட்டில் ஒரு ஆள் எத்தனை கட்டிலைப் பார்க்க முடியும்? அதனால் கூட இருக்கும் அட்டெண்டருக்குச் சொல்லிக்கொடுப்பதையும் மருந்து கொடுப்பதற்குச் சமமான வேலையாகவே நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு அம்மா வந்தார். இடது பக்கம் செயல் இல்லை. மகள் அவ்வளவு பொறுப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் திருப்புவார். ஆனால் இடது பக்கம் படுக்க வைக்கப் பயந்து மல்லாக்க, வலது, மறுபடி மல்லாக்க என்றே திருப்பியிருக்கிறார். அதுவும் முழுசாக ஒருக்களித்து. வலது இடுப்பெலும்பு புடைத்திருக்கும் இடத்தில் தோல் கறுத்திருந்தது. நம் நிறத்துக்குச் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் வெளுக்கிறதா, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். வெளுக்கவில்லை. பெட் சோர், அதாவது ஒரே இடத்தில் அழுந்திக் கிடப்பதால் வரும் படுக்கைப் புண், ஆரம்பம். மகள் எண்ணெய் தேய்த்துவிடவா என்று கேட்டார். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, உள்ளே அடிபட்ட திசு இன்னும் கெடும்.

முழு ஒருக்களிப்பை நிறுத்தினோம். முதுகுக்குப் பின்னால் தலையணையை நீளவாக்கில் செருகி, சுமார் 30 டிகிரி சாய்வில் விட்டோம். அப்போது பாரம் பிட்டத்துச் சதையில் இறங்கும். அடியில் கையை விட்டுப் பார்த்தால் இடுப்பெலும்பும் வால் எலும்பும் மெத்தையில் அழுந்தியிருக்கக் கூடாது. கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொரு தலையணை, குதிகால் எதிலும் படாமல். டிஸ்சார்ஜுக்குள் தோல் பழையபடி ஆகிவிட்டது. மகள் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிசியோ, திருநெல்வேலி:
சிஸ்டர், அந்தப் பயம் எல்லா வீட்டிலும் உண்டு. செயலிழந்த பக்கமாகவும் சாய்க்கலாம். அந்தத் தோள் உடம்புக்கு அடியில் மாட்டாமல் கொஞ்சம் முன்னால் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். தசைகள் இறுக்கிப் பிடிக்காத தோள் மூட்டு இறங்கிவிடும்; அந்த வலியோடு வரும் நோயாளிகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

மதுரை மகன்:
அப்பாவுக்கு மூக்கு வழியாக டியூப். கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்று தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி தூக்கி வைக்கச் சொன்னார்கள். வைத்தால் கொஞ்ச நேரத்தில் கால்மாட்டுக்குச் சறுக்கிவிடுவார். அக்குளில் கை கொடுத்து இழுத்து இழுத்து வால் எலும்புப் பக்கம் தோல் உரிந்தது. எலும்பு நகர்கிறது, தோல் மெத்தையோடு ஒட்டி நிற்கிறது, நடுவில் ரத்தக்குழாய் நசுங்குகிறது என்று ஒரு சிஸ்டர் விளக்கினார். அவர் சொன்னபடி இப்போது முழங்கால் பக்கத்தை முதலில் தூக்கிவிட்டுத்தான் தலைப்பக்கம். மேலே ஏற்ற வேண்டுமென்றால் டியூபில் கஞ்சி ஓடாத நேரத்தில் கட்டிலைச் சமமாக்கி, தோளிலிருந்து தொடை வரை விரித்த மடிப்பு ஷீட்டை நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிறோம். உரசலே இல்லை. சித்தப்பா வாட்டர் பெட் வாங்கித் தருகிறேன் என்கிறார், வாங்கினால் இரவில் திருப்ப வேண்டாமா?

தஞ்சை சிஸ்டர்:
வாங்குங்கள், உதவும். ஆனால் திருப்புவதை நிறுத்தாதீர்கள். ஆல்ஃபா பெட் (காற்று மாறி மாறி ஏறி இறங்கும் மெத்தை) ஆனாலும் அப்படித்தான். அதன்மேல் ஒரே ஒரு ஷீட் போதும், போர்வையை மடித்துப் போட்டால் காற்று மெத்தையால் பலனில்லை. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம் யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது விளிம்பில் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஒவ்வொரு முறையும் சிறுநீர் டியூப் தொடைக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, கட்டில் சக்கரம் பூட்டியிருக்கிறதா பாருங்கள். அப்பாவுக்கு உரிந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது? ஈரம் கசிந்தால் நாளைக்கே டிரெஸ்ஸிங்குக்குக் கூட்டிப்போங்கள்.