பெரியப்பாவுக்கு நானோ மருந்து

முத்து சித்தப்பா: (வந்ததை அனுப்பியது) “ஸ்மார்ட் நானோ துளிகள்! நுரையீரலுக்குள் நேராகப் போய்க் கெட்ட சளியை மட்டும் தேடி அழிக்கும். இனி இன்ஹேலர் வேண்டாம். ஒரு கோர்ஸ் ₹18,000.”

முத்து சித்தப்பா: அண்ணனுக்கு வாங்கலாமா? ஆளுக்கு 3,000 போட்டால் போதும்.

கலா சித்தி: 👍

சரவணன் அண்ணன்: கோயில் கொடைக்கு நான் போட்டதற்கே இன்னும் கணக்கு வரவில்லை சித்தப்பா.

முத்து சித்தப்பா: அதை ஏன் இங்கே இழுக்கிறாய்?

தேவி அத்தை: நேற்று ராத்திரியும் அண்ணனுக்கு இழுப்பு. உட்கார்ந்தே இருந்தாராம்.

பிரபு அத்தான்: மாமா, பணம் அனுப்பிவிடாதீர்கள். நானோ மருந்து பொய்யில்லை, ஆனால் இது அது இல்லை. அமெரிக்காவில் 2018-ல் அரிகேஸ் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். அமிகாசின் என்ற பழைய ஆன்டிபயாடிக்கை லிப்போசோம் எனும் நுண்ணிய கொழுப்புப் பைகளில் அடைத்து, நெபுலைசரில் இழுப்பது. காசநோய்க் கிருமியின் பங்காளி ஒன்று உண்டு, மைகோபாக்டீரியம் ஏவியம் வகை. நுரையீரலைக் காவல் காக்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே அது ஒளிந்துகொள்ளும். எந்தத் துகள் வந்தாலும் விழுங்குவது அந்தச் செல்லின் வேலை. கொழுப்புப் பையையும் விழுங்கும். கிருமி இருக்கும் இடத்திலேயே மருந்து இறங்கிவிடும். அதுவும் மற்ற மருந்துக்கு அடங்காதவர்களுக்கு மட்டும்.

சரவணன் அண்ணன்: பங்காளி என்றாலே வீட்டுக்குள் புகுந்துதான் தொல்லை 😂

கலா சித்தி: யாரைச் சொல்கிறாய்?

தேவி அத்தை: பிரபு சாப்பிட்டாயா

பிரபு அத்தான்: ஆச்சு அம்மா. இன்னொன்று, நுரையீரல் புற்றுநோய்க்கு 2012-ல் அனுமதி கிடைத்தது. பாக்லிடாக்சல் மருந்தை ஆல்புமின் புரதத்தோடு சேர்த்த துகள், சுமார் 130 நானோமீட்டர். அது ட்ரிப்ஸில் ஏற்றுவது. மூச்சில் இழுப்பதென்றால் 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் 1,000 நானோமீட்டர்) வரையுள்ள துளிதான் ஆழத்துக்குப் போகும். அதைவிடப் பெரியது தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ரொம்பச் சின்னது பெரும்பாலும் மூச்சோடு வெளியே வந்துவிடும். அதனால் நானோ துகளைச் சரியான அளவுத் துளிக்குள் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அமிலம் கூடிய இடத்தைப் பார்த்துத் திறக்கும் ‘ஸ்மார்ட்’ துகள்கள் எல்லாம் பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்தில், எலிகளிடம்.

முத்து சித்தப்பா: சுருக்கமாகச் சொல். வாங்கலாமா வேண்டாமா?

பிரபு அத்தான்: வேண்டாம். பெரிய மாமாவுக்கு இருப்பது சிஓபிடி, மூச்சுக்குழாய் சுருங்கி அடைக்கும் நாள்பட்ட நோய். மில் பஞ்சு, பீடி இரண்டும் சேர்ந்தது.

பெரியம்மா: பீடி என்று போடாதே அவர் படிப்பார்

பெரியப்பா: படித்துவிட்டேன். நான் விட்டு எட்டு வருஷம் ஆகிறது.

முத்து சித்தப்பா: போன வாரம் தோப்பில் புகைந்தது யாரண்ணே?

பெரியப்பா: சருகு.

பிரபு அத்தான்: அத்தை, டாக்டர் கொடுத்த கேப்ஸ்யூலை ஒழுங்காக எடுக்கிறாரா?

பெரியம்மா: தவறாமல். காலை ஒன்று ராத்திரி ஒன்று. வெந்நீரோடு.

பிரபு அத்தான்: வெந்நீரா?

பெரியம்மா: பச்சைத் தண்ணீர் அவருக்கு ஆகாதே

பிரபு அத்தான்: அத்தை, அது விழுங்குகிற மாத்திரை இல்லை! கூடவே ஒரு பிளாஸ்டிக் கருவி தந்திருப்பார்களே?

பெரியம்மா: பீரோவில் பத்திரமாக இருக்கு. சரவணன் பையன் உடைத்துவிடுவான் என்று வைத்தேன்

சரவணன் அண்ணன்: அம்மா!!

கலா சித்தி: 🙈

பிரபு அத்தான்: இத்தனை நாளும் மருந்து வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. கேப்ஸ்யூலைக் கருவிக்குள் போட்டு, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதட்டை இறுக்கி வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். பத்து நொடி அடக்க வேண்டும். பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். சாயங்காலம் வீடியோ காலில் வருகிறேன். வியாழக்கிழமை டாக்டரிடமும் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்குள் இழுப்பு கூடினால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேவி அத்தை: வியாழன் யார் கூட்டிப் போவது?

சரவணன் அண்ணன்: எனக்கு ஆடிட் இருக்கிறது. சித்தப்பா கார் சும்மாதானே நிற்கிறது.

கலா சித்தி: அன்றைக்குச் சொக்கர் கோயில் பக்கம் ஒரு வளைகாப்பு. நாங்கள் போயாக வேண்டும்.

பெரியப்பா: பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.

தேவி அத்தை: ஆமாம், இழுப்போடு பஸ்ஸில்!

முத்து சித்தப்பா: பிரபு, முன்பணம் 500 போட்டுவிட்டேன். திரும்ப வருமா?

சரவணன் அண்ணன்: கோயில் கணக்கில் எழுதிவிடுங்கள் சித்தப்பா.

கலா சித்தி: வளைகாப்புக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கேட்டுச் சொல்கிறேன். வழியில் பெரிய அத்தானை டாக்டரிடம் இறக்கிவிட முடியுமா பார்ப்போம்.