ஜூன் விடுமுறையில் பாரிஸ்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் இசைத் திருநாளைக் காண வழியுண்டா?

ஈசூன்வாசி:
வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் பாரிசுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். 21ஆம் தேதி ஊரே பாட்டும் கச்சேரியுமாக இருக்கும் என்று கேள்விப்பட்டோம். ஆனால் அம்மாவுக்குப் படி ஏற முடியாது. அவரைச் சிரமப்படுத்தாமல் திருநாளையும் அருங்காட்சியகங்களையும் எப்படிப் பார்ப்பது?

தேக்காப்பக்கம்:
அவசியம் பாருங்கள். பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் காலத்தில், 1982இல் தொடங்கிய அந்தத் திருநாளில், தேர்ந்த கலைஞர்களும் ஆசைக்கு வாசிப்பவர்களும் தெருமுனை, பூங்கா, தேவாலயம் என்று எங்கும் கட்டணமின்றி இசைக்கிறார்கள். அந்த மாதத்தில் சூரியன் மறையவே இரவு பத்து மணியை நெருங்கிவிடும். ஆகவே பகலில் வேறெதையும் வைத்துக்கொள்ளாமல் அம்மாவை நன்றாக ஓய்வெடுக்க விட்டு, மாலையில் விடுதிக்குப் பக்கத்துத் தெருக்களில் கேட்கும் கச்சேரிகளோடு நிறைவடையுங்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஊரின் மறுகோடிக்கு அவரை அழைத்துப் போக வேண்டாம்.

ஜூரோங்கன்:
போக்குவரத்தில்தான் கவனம் தேவை. நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையங்களைப் போல அங்கே எல்லா இடத்திலும் மின்தூக்கி இருக்காது; பாரிஸ் மெட்ரோ 1900இல் தொடங்கியது என்பதால் பழைய நிலையங்களில் படிகள்தான், 14ஆம் தடத்தில் மட்டுமே எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. பேருந்தே உத்தமம். 69ஆம் எண் பேருந்து ஐஃபல் கோபுரத்தின் பக்கத்திலிருந்து ஓர்சே, லூவர் அருங்காட்சியகங்கள் வழியாகச் செல்லும். சன்னலோரம் அமர்ந்தாலே பாதி ஊரைப் பார்த்துவிடலாம்.

அம்மாவோடு போவதென்றால், லூவரைவிட ஓர்சேயைத்தான் நான் சொல்வேன். 1900இல் ரயில் நிலையமாகக் கட்டப்பட்டு, 1986இல் அருங்காட்சியகமான அந்தக் கட்டடம் அளவில் சிறியது. மோனே, ரெனுவார் ஓவியங்கள் இருக்கும் ஐந்தாம் தளத்துக்கு மின்தூக்கியிலேயே போகலாம். அங்குள்ள பெரிய கண்ணாடிக் கடிகாரத்தின் முட்களுக்கிடையே சென் ஆறும் அக்கரையும் தெரியும். வியாழக்கிழமைகளில் இரவு 9.45 வரை திறந்திருக்கும், திங்களன்று விடுமுறை. லூவருக்குச் செவ்வாய் விடுமுறை. இரண்டிலும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை.

தேக்காப்பக்கம்:
சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருப்பதால், அம்மாவுக்கு இட்லி, தோசை கிடைக்காதோ என்ற கவலை வேண்டாம். அங்குள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வீதியுலா வரும்; சாலையில் தேங்காய் மலைமலையாக உடைபடும். பயணத்தைச் செப்டம்பர் விடுமுறைக்கு மாற்ற முடிந்தால், அவருக்கு இசைத் திருநாளைவிட அதுவே பிடிக்கக்கூடும். ஆலயத்தில் தேதியைக் கேட்டுக்கொண்டு பயணச்சீட்டு எடுங்கள்.