வாடகை ரூமில் தங்கும் நோயாளிகளின் ஊசி, கட்டுத்துணி, மாத்திரை எல்லாம் எங்கே போடுவது? (வேலூர்)

மாடிவீட்டு_அக்கா

தோட்டப்பாளையத்தில் எங்கள் வீடு. மாடியில் இருக்கும் ரூம்களை சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் விடுகிறோம். வங்காளம், ஜார்க்கண்ட், திரிபுரா பக்கத்து ஆட்கள்தான் அதிகம். ரிவ்யூ தேதியைப் பொறுத்து ஒரு வாரத்தில் கிளம்புகிறவர்களும் உண்டு, மாதக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்து கஷ்டப்படுகிறவர்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிரச்சினை குப்பைதான்.

ஒரு ரூமில் சர்க்கரைக்காரர், தினமும் இன்சுலின். இன்னொரு ரூமில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கு அவர் மகளே கட்டு மாற்றுகிறாள். அடுத்ததில் யூரின் பேக். எல்லாம் சாப்பாட்டுக் குப்பையோடு ஒரே கேரி பேக்கில் கட்டி வாசலில் வைத்துவிடுகிறார்கள். நேற்று காலை வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அம்மா பையைத் தூக்கும்போது கையுறையையும் தாண்டி விரலில் ஊசி குத்திவிட்டது. ரத்தம் வந்தது. அவர் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பழகிப் போச்சும்மா" என்று போய்விட்டார். எனக்குத்தான் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

நான் கேட்பது இதுதான். இதையெல்லாம் யாரிடம் கொடுப்பது? ஆஸ்பத்திரிக் குப்பை எடுக்கும் தனி வண்டியைக் கூப்பிட்டால் வீட்டுக்கு வருவார்களா? காலி செய்துகொண்டு போகிறவர்கள் விட்டுப்போகும் மாத்திரைகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன, அதில் புற்றுநோய் மாத்திரையும் இருக்கிறது, அதை என்ன செய்வது? பின்பக்கம் கொளுத்திவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

வார்டு_சிஸ்டர்

அக்கா, குப்பையை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த அம்மாவைத் தேடிப் பிடியுங்கள், இன்றைக்கே.

ஊசி குத்தினால் உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். பிதுக்கி ரத்தம் எடுக்கக் கூடாது, விரலை வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்று டாக்டர்தான் முடிவு செய்வார். தேவை என்றால் குத்திய 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயன் இல்லை. ஆரம்பித்தால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நேற்று காலை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கேஷுவாலிட்டியில் "ஊசி குத்திவிட்டது" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சின்னக் காயம் என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

எல்லாரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறார்கள். எங்களுக்கு அதைவிடப் பயம் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி மேல்தான். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினாலும் தொற்றுவது சுமார் 300-ல் ஒரு தடவைதான். ஹெபடைடிஸ் பி விஷயத்தில், தடுப்பூசி போடாதவருக்கு அது 100-ல் 30 வரை போகும். காய்ந்த ரத்தத்தில்கூட அந்தக் கிருமி 7 நாள் உயிரோடு இருக்கும். தடுப்பூசியோ 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ்தான். தினம் குப்பையில் கை வைக்கிறவர்களுக்கு அதைக்கூடப் போடாமல் வேலைக்கு அனுப்புவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

யார் ரூம் ஊசி என்று தெரியும் அல்லவா? அவரிடம் பக்குவமாகப் பேசி, சம்மதித்தால் அவர் ரத்தத்தையும் பரிசோதிக்கலாம். அது நெகட்டிவ் என்று வந்தால் அந்த அம்மாவுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

ஆற்காடு_லேப்

சிஸ்டர் சொன்னது சரி. குப்பை விஷயத்துக்கு நான் வருகிறேன், லேப் வைத்திருப்பதால் இந்தச் சட்டத்தோடுதான் தினமும் குடித்தனம்.

ஆஸ்பத்திரி, கிளினிக், லேப், ரத்த வங்கி, கால்நடை மருத்துவமனை, ஏன், ஒரு நாள் ரத்ததான முகாம் நடத்தினாலும் 2016-ன் உயிர்மருத்துவக் கழிவு விதிகளுக்குள் வந்துவிடுவோம். படுக்கை இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அனுமதி வாங்க வேண்டும், மருத்துவக் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். 75 கிலோமீட்டருக்குள் அப்படி ஒரு நிலையம் இருந்தால் ஆஸ்பத்திரியே தனியாக எரிஉலை கட்டிக்கொள்ளவும் கூடாது. வண்டிக்காரர் வருவார், பையில் பார்கோடு ஒட்டியிருக்க வேண்டும், எடை போட்டு எடுத்துப் போவார். ரத்தம் பட்ட பஞ்சு, சதைக் கழிவு எல்லாம் 48 மணி நேரத்துக்கு மேல் இடத்தில் வைத்திருக்கக் கூடாது.

அக்கா, உங்கள் வீடு இதில் எதிலும் வராது. அதனால் அந்த வண்டி உங்கள் வாசலுக்கு வராது. நீங்கள் வருவது திடக்கழிவு விதிகளில். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளில் வீட்டிலிருந்து வரும் ஊசி, சிரிஞ்ச், காலாவதியான மருந்து, உடைந்த தெர்மாமீட்டர் எல்லாம் வீட்டு அபாயக் கழிவு என்று தனி வகையாக இருந்தது. மக்கும், மக்காத என்ற இரண்டோடு இதையும் பிரித்துக் கொடுக்க வேண்டும், இதற்காக 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் உள்ளாட்சி அமைப்பு வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. காகிதத்தில் இருந்தது அது. வைத்தியத்துக்கு வருகிற கூட்டத்தை நம்பியே பாபு ராவ் தெரு, காந்தி ரோடு முழுக்க லாட்ஜாக இருக்கிற நம் ஊரில் வார்டுக்கு ஒன்று வைத்தாலும் நிரம்பும் என்பது என் எண்ணம். ஆஸ்பத்திரி வாசலுக்குள் ஒரு பஞ்சு கீழே விழுந்தால் அதற்கு நிறம் இருக்கிறது, பை இருக்கிறது, பார்கோடு இருக்கிறது. அதே பஞ்சு ரோட்டைத் தாண்டி லாட்ஜுக்குப் போய்விட்டால் வெறும் குப்பை.

நிறம் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன், பிரித்து வைக்க உதவும். ரத்தம், சீழ் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, காலாவதி மருந்து எல்லாம் மஞ்சள். அது எரிஉலைக்குப் போகிறது, இரண்டாவது அறையில் 1050 டிகிரி வரை சூடு வைப்பார்கள். டிரிப் செட், டியூப், யூரின் பேக், கையுறை, ஊசி கழற்றிய சிரிஞ்ச் எல்லாம் சிவப்பு. அதை எரிக்க மாட்டார்கள், ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் கிருமி நீக்கி, துண்டு துண்டாக அரைத்து மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். ஊசி, பிளேடு போன்ற கூரான உலோகமெல்லாம் குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பா. கண்ணாடிக் குப்பி, ஆம்பியூல் (ஊசி மருந்து அடைத்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பி) நீலம்.

அரைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2009-ல் குஜராத்தின் மொடாசாவில் ஹெபடைடிஸ் பி பரவிப் பல பேர் செத்தார்கள். பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் திரும்பத் திரும்பப் போட்டதுதான் காரணம். முழு சிரிஞ்ச் காயலான் கடைக்குப் போனால் கழுவித் திரும்பி வராது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? அதனால்தான் நாங்கள் ஊசியை வெட்டாமல் போடுவதில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், கொளுத்தவே கூடாது. யூரின் பேக், டியூப் எல்லாம் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக், வெட்டவெளியில் எரித்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். ஊசியும் எரியாது, சாம்பலுக்குள் கருத்துப்போய்க் கிடந்து அடுத்தவர் காலில் ஏறும்.

குடியாத்தம்காரன்

இவ்வளவு நிறம் பிரித்து என்ன சார் பயன்? எல்லாப் பையையும் ஒரே வண்டியில்தான் ஏற்றுகிறார்கள், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேரளாவிலிருந்து ஆஸ்பத்திரிக் குப்பையை லாரி லாரியாகத் திருநெல்வேலியில் கொண்டுவந்து கொட்டினார்களே, அவர்களுக்கு விதி தெரியாதா? மாடி வீட்டு அக்கா மட்டும் டப்பாவில் போட்டு ஊர் திருந்திவிடுமா?

ஆற்காடு_லேப்

ஒரே வண்டிதான் தம்பி, ஆனால் பை கட்டித்தான் ஏற்றுகிறார்கள், போய் இறங்கும் இடத்தில் மஞ்சள் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். பையைப் பிரித்து ஒன்றாகக் கொட்டினால்தான் தப்பு, அப்படிப் பார்த்தால் வீடியோ எடுத்து வாரியத்துக்கு அனுப்புங்கள். திருநெல்வேலி விஷயத்தில் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, 2024 டிசம்பரில் கேரளாவே ஆள் அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. அதற்கடுத்த ஆண்டு மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்களைக் குண்டர் சட்டத்தில் பிடிக்க நம் சட்டமன்றத்தில் மசோதாவே நிறைவேற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

வண்டி_மேஸ்திரி

நான் பக்கத்து நகராட்சி ஒன்றில் தூய்மைப் பணி மேஸ்திரி. ஊர் திருந்துமா என்று தெரியாது தம்பி, என் ஆட்கள் கையில் ஊசி ஏறாமல் இருந்தால் எனக்குப் போதும்.

எங்களுக்குக் கொடுக்கும் ரப்பர் கையுறை ஈரத்துக்குத்தான், ஊசியை நிறுத்தாது. இன்சுலின் ஊசி மயிரிழை மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது. அதனால் வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பினாயில் கேன், துணி துவைக்கும் லிக்விட் பாட்டில் மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் ஊசியைப் போட வேண்டும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அது அமுக்கினாலே நசுங்கும், ஊசி வெளியே வந்துவிடும். முக்கால் அளவு வந்ததும் மூடி போட்டு டேப் சுற்றி, மேலே பெரிதாக "ஊசி" என்று எழுதிக் கையில் கொடுங்கள், வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். வண்டியில் தனியாக ஒரு வாளி தொங்கும், அதில் போட்டுக்கொள்வோம். வாளி இல்லை என்று யாராவது சொன்னால் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் கேட்டால்தான் எங்களுக்கும் வாளி வரும், நாங்கள் கேட்டால் வராது.

கட்டுத்துணி, டயப்பர் எல்லாம் பேப்பரில் சுற்றித் தனிப் பையில் போட்டு, பேனாவால் ஒரு சிவப்புக் குறி. சாப்பாட்டோடு சேர்த்தால் நாய் இழுத்துத் தெரு முழுக்கப் போட்டுவிடும், அப்புறம் அதையும் நாங்கள்தான் கையால் பொறுக்க வேண்டும்.

வார்டு_சிஸ்டர்

மேஸ்திரி அண்ணே சொன்ன டப்பா போதும். கூடவே சில விஷயம்.

ஊசி போட்ட பிறகு மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது, பல நேரம் குத்துவது அப்போதுதான். அப்படியே டப்பாவுக்குள் விட்டுவிட வேண்டும். டப்பா ரூமிலேயே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். யூரின் பேக்கில் இருப்பதையும், வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்களுடைய வடிநீரையும் கக்கூஸில் ஊற்றிவிட்டுப் பையை மட்டும் கட்டிப் போடச் சொல்லுங்கள். நிறையப் பேர் அப்படியே முடிச்சுப் போட்டு வைக்கிறார்கள், வண்டியில் அமுங்கி வெடிக்கிறது.

ரிவ்யூவுக்குப் போகும்போது அந்த ஊசி டப்பாவைக் கையோடு எடுத்துப்போய், கட்டு மாற்றும் அறையிலோ ஊசி போடும் இடத்திலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் வாங்குவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டால் வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. ரூமுக்கே வந்து ஊசி போட்டு, கட்டு மாற்றிக் காசு வாங்கும் நர்ஸ், கம்பவுண்டர் யாராவது இருந்தால் விடாதீர்கள். அவர்கள் பிரித்துப் போட்டதை அவர்களே திரும்ப எடுத்துப் போக வேண்டும். வரும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

புற்றுநோய் மாத்திரை மட்டும் மற்றதோடு சேராது. அதைத் தூளாக்குவது, கக்கூஸில் போடுவது, குப்பையில் போடுவது எதுவும் கூடாது. வெறும் கையால் தொடாமல் அட்டையோடு ஒரு ஜிப் கவரில் போட்டு, வாங்கிய மருந்தகத்திலேயே கொடுக்கப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் அதற்கென்று தனிக் குறி போட்ட மஞ்சள் டப்பா இருக்கும், 1200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டிய சரக்கு அது. இன்னொன்று, மிச்ச மாத்திரையை அடுத்து வரும் நோயாளிக்கு "நல்லதுதானே, காசு மிச்சம்" என்று கொடுக்கும் வழக்கம் நம் லாட்ஜுகளில் நிறைய. தயவு செய்து வேண்டாம்.

மாடிவீட்டு_அக்கா

எல்லாருக்கும் நன்றி. மதியமே அந்த அம்மாவை அடுக்கம்பாறைக்கு அழைத்துப் போனேன். வர மாட்டேன் என்றார், ஒரு நாள் கூலி போகும் என்று. அதை நான் தருகிறேன் என்றதும் வந்தார். ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள், ஹெபடைடிஸ் பி முதல் ஊசியும் போட்டாயிற்று. சர்க்கரைக்காரர் தானாகவே முன்வந்து ரத்தம் கொடுக்கிறேன் என்றார், ரொம்பவும் கலங்கிப் போய்விட்டார்.

ரூமுக்கு ஒரு பினாயில் கேன் வைத்துவிட்டேன். இந்தியில் எழுதி ஒட்டினேன், ஆனால் பாதிப் பேருக்கு வங்காளம்தான் படிக்கத் தெரியும். இங்கே யாராவது வங்காளத்தில் நாலு வரி எழுதித் தர முடியுமா? "ஊசியை இதில் மட்டும் போடவும், மூடி மாட்ட வேண்டாம், நிரம்பினால் கீழே சொல்லவும்" என்று இருந்தால் போதும்.

கணியம்பாடி_ஸ்டூடண்ட்

அக்கா, என் ரூம்மேட் கல்கத்தா பையன்தான். அவனிடம் எழுதி வாங்கிப் படமாக இன்று இரவு இங்கேயே போடுகிறேன், மற்ற வீட்டுக்காரர்களும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளட்டும். புற்றுநோய் மாத்திரைக்கும் ஒரு வரி சேர்த்துவிடவா?

மாடிவீட்டு_அக்கா

சேர்த்துவிடு தம்பி. எழுத்து பெரிதாக இருக்கட்டும், வயதானவர்கள் படிக்க வேண்டும்.