மறு: பிரஷ் ஸ்கிரிப்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

தூரிகையால் எழுதியதுபோல் தோன்றும் எழுத்துருவான பிரஷ் ஸ்கிரிப்டுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு இங்கே வந்த ‘தூரிகை வரிவடிவம்’ என்ற பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்கிரிப்ட் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தமிழ், கிரந்தம், தேவநாகரி போன்றவற்றைக் குறிக்கும்போது வரிவடிவம் சரி. அச்சுத் தொழிலில் அதே சொல், கை ஓட்டத்தில் எழுதியதுபோல் இருக்கும் எழுத்துவகையைக் குறிக்கிறது. 1942-இல் ராபர்ட் ஈ. ஸ்மித் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’ இந்த இரண்டாவது பொருளில் வந்த பெயர். அதன் சிறிய எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டு ஓடும். ஈய அச்சில் அப்படி இணைய வைத்தது பெரிய வேலை.

‘தூரிகைக் கையெழுத்து’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குப் பத்திரத்தின் அடியில் போடும் கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது.

‘தூரிகை எழுத்துரு’ சுருக்கமாக இருக்கிறது, தவறும் இல்லை. ஆனால் முக்கியமான ஒன்று அதில் விடுபடுகிறது. இந்த எழுத்துருவை யாரும் ஒவ்வொரு முறையும் தூரிகையால் எழுதுவதில்லை. எழுதியதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான். குழந்தையைப் பார்த்து “அப்பா சாயல்” என்கிறோமே, அந்தச் சொல் இங்கே அப்படியே பொருந்தும். எனவே என் முன்மொழிவு: தூரிகைச்சாயல் எழுத்துரு.

இந்தச் சாயல் எங்கே உடைகிறது என்று பாருங்கள். ‘அம்மம்மா’ என்று தட்டினால் மகரம் நான்கு முறை வருகிறது. நான்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் கை எழுதிய உணர்வு போய்விடும். நல்ல எழுத்துருவில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் இருக்கும். ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு முறையில் எழுதிவைத்த விதி, பக்கத்து எழுத்தைப் பார்த்து அவற்றில் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும். இதற்குச் ‘சூழல் மாற்றுரு’ என்று வைக்கலாம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் எழுத்துகள் ரோமன் எழுத்துகள்போல் கோத்துக்கொள்வதில்லை. அதனால் இணைப்புக்கோட்டை நம்பி ஓட்டத்தைக் காட்ட முடியாது. ண, ஞ போன்றவற்றின் சுழியில் மை அடைபடுவது, கோடு முடியும் இடத்தில் மை காய்ந்து மயிர்க்கீற்று தெரிவது, புள்ளி வட்டமாக இல்லாமல் ஓர் ஒற்றலாக விழுவது, இவைதான் இங்கே தூரிகையைக் காட்டும். சுவர் விளம்பரம் எழுதுபவர்களின் கையில் இதைப் பார்க்கலாம். அந்த மயிர்க்கீற்றுக்கு ‘உலர்தடம்’ என்று சொல்லிப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், தூரிகைக்குப் பதிலாக அதே பொருள் தரும் பழஞ்சொல்லான துகிலிகை வேண்டும் என்பவர்களுக்கு: அழகான சொல்தான். நற்றிணை 118-இல் பாதிரிப் பூவின் பஞ்சு போன்ற தலைக்கு ஓவியரின் துகிலிகையே உவமை. எனக்கும் ஆசைதான். ஆனால் இது மென்பொருள் பட்டியலில் ஏறப் போகும் சொல், பார்த்தவுடன் புரிய வேண்டும். தூரிகையே இருக்கட்டும்.

பட்டியலில் இடம் போதாவிட்டால் ‘தூரிகைச்சாயல்’ என்று மட்டும் போடலாம். ‘உலர்தடம்’ பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.