அத்தையின் ஜப்பான் கத்தி: குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

அத்தை (9:12): மாப்பிள்ளை ஜப்பானிலிருந்து வாங்கி வந்த காய்கறிக் கத்தியை இன்றுதான் எடுத்தேன். அலகின் மேல் வார்னிஷ் அடித்தது போல் ஒரு பளபளப்பு இருக்கிறது. வெண்டைக்காய் நறுக்கியபோது வெங்காயச் சருகு போல் ஒரு துணுக்கு உரிந்து காயோடு வந்துவிட்டது. கம்பி நார் போட்டுத் தேய்க்கலாமா?

சித்தப்பா (9:20): அடுப்புத் தீயில் காட்டினால் ஒரு நிமிடத்தில் எரிந்து போய்விடும், அக்கா.

குமார் (9:31): சித்தப்பா, தயவு செய்து வேண்டாம். அந்த எஃகைக் கடினமாக்கிய பின் ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில்தான் பதப்படுத்துகிறார்கள். அதைத் தாண்டிச் சூடேறினால் பதம் போய்விடும், கத்தியின் வாயோ மெல்லியது என்பதால் சில நொடிகளிலேயே சூடேறிவிடும். கம்பி நாரும் வேண்டாம், அத்தை. பூச்சு போவதற்கு முன் அலகில் கீறல் விழும்.

பெரியம்மா (9:40): பித்தளைக்குப் போடுவது போல் புளி போட்டுப் பார்க்கலாமே.

குமார் (9:52): புளி பூச்சைக் கரைக்காது, பெரியம்மா, பூச்சு உரிந்த இடத்தில் இரும்பைத்தான் அரிக்கும். இது கார்பன் எஃகு. துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். இதற்கு அந்தக் காவல் இல்லாததால்தான், கடையில் கிடக்கும் நாளில் துரு ஏறாமலிருக்க இப்படிப் பூசி அனுப்புகிறார்கள். அத்தை, அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் போதும். அசிட்டோன் இல்லாததும் விற்கிறது என்பதால் புட்டியைப் படித்து வாங்குங்கள். அடுப்பு எரியாத, காற்றோட்டமான இடத்தில், பழைய பனியன் துணியை நனைத்து அலகின் மேல் ஒரு நிமிடம் போர்த்தி வைத்து, பிறகு முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கித் துடையுங்கள். வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டாதீர்கள். கரைந்த பூச்சு மறுபடி அப்பிக்கொள்ளும் என்பதால் துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். மரப்பிடியில் ஒரு சொட்டும் படக் கூடாது.

அத்தை (11:47): துணி பழுப்பாகிவிட்டது, முதலில் பிசுபிசுத்த அலகு இப்போது வழவழப்பாக இருக்கிறது. ஆனால் முதுகை ஒட்டிய கருப்பு மட்டும் எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை.

குமார் (11:50): அதை விட்டுவிடுங்கள், அத்தை! அது பூச்சு அல்ல. உலையில் காய்ச்சி அடித்தபோது இரும்பின் மேல் படிந்த கருந்தோல். ஜப்பானில் அதைக் குரோவுச்சி என்று சொல்லி வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள், ஓரளவு துருவையும் அது தடுக்கும். இனி சோப்புப் போட்டுக் கழுவி, உடனே துடைத்து, ஒரு வெங்காயத்தை நறுக்கி, சாறு பட்ட அலகைச் சில நிமிடம் அப்படியே வைத்துப் பாருங்கள். பூச்சு போன இடம் மங்கி நிறம் மாறும். மிச்சமிருக்கும் இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும்.

அத்தை (12:26): பிடிக்கு அருகில் நகமளவு ஓர் இடம் பளபளத்தது, அதையும் துடைத்தாயிற்று. மற்ற இடமெல்லாம் புறாக் கழுத்து போல் நீலம் பாய்ந்திருக்கிறது. இது துருவா?

குமார் (12:29): துரு செம்பழுப்பாக இருக்கும், இந்த நீலம் நல்லதுதான், தேய்த்து எடுக்காதீர்கள். ஆனால் நறுக்கியதும் கழுவித் துடைக்காமல் கழுவுதொட்டியில் போட்டால் அன்றே துருப்பிடிக்கும். சில நாள் எடுக்காமல் வைப்பதானால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

சித்தப்பா (12:41): தேங்காய் உடைக்கத் தாங்குமா?

அத்தை (12:42): உன் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டேன்.