லூயிஸ், அலி, டைசன், உசிக்: வேறு வேறு காலத்து ஹெவிவெயிட்களை எதை வைத்து ஒப்பிடுவது?

பாம்பன் பாலத்தடி:

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில்தான். சாயங்காலம் மணலில் குத்துச்சண்டை பழகும் பையன்களுக்கு வாரம் ஒரு பழைய ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சண்டையைத் திரை கட்டிப் போட்டுக் காட்டலாம்னு ஏற்பாடு. மொத்தம் எட்டு வாரம், எட்டு சண்டை. எந்த எட்டு என்பதில்தான் தகராறு. "49 சண்டை, ஒண்ணுலகூடத் தோக்கலை, மார்சியானோவுக்கு மேல யாரு?"ங்கிறாங்க பெரியவங்க. நடுவயசுக்காரங்களுக்கு அலியைத் தவிர வேற பேச்சே இல்லை. சின்னவங்க 1988 டைசன் யாரையும் ரெண்டு ரவுண்டில் முடிப்பார்னு நிக்கிறாங்க.

எனக்குத் தெரிய வேண்டியது மூணு. காலம் தாண்டி ஒப்பிட நியாயமான அளவுகோல் எது? 85 கிலோ மார்சியானோவையும் 120 கிலோவுக்கு மேல இருக்கிற இந்தக் காலத்து ஃபியூரியையும் ஒரே தட்டில் வைக்கலாமா? பழகுற பையனுக்கு எந்தச் சண்டையில என்ன பார்க்கச் சொல்லணும்?

தொண்டி வாடைக்காற்று:

தம்பி, முதலில் ரவுண்டு எண்ணிக்கையைப் பாருங்கள். பெரும்பாலான வாதம் இதைக் கவனிக்காமல்தான் கெடுகிறது.

பட்டச் சண்டைகள் நெடுங்காலம் 15 ரவுண்டு. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்துபோன பிறகுதான் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி 12 ரவுண்டுக்கு இறங்கியது. மற்ற அமைப்புகளும் அந்தப் பத்தாண்டுக்குள் பின்னால் வந்தன. மூன்று ரவுண்டு என்றால் ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடம் வரலாற்றில் எத்தனை பட்டத்தை மாற்றியிருக்கிறது என்று பாருங்கள்.

1941 ஜூனில் ஜோ லூயிஸோடு பில்லி கான். கான் லைட் ஹெவிவெயிட் என்ற குறைந்த எடைப் பிரிவிலிருந்து வந்தவர், லூயிஸைவிட பத்துக் கிலோவுக்கு மேல் குறைவு. 12 ரவுண்டு முடிந்தபோது நடுவர்களின் மதிப்பெண் தாளில் இரண்டில் கான் முன்னிலை, மூன்றாவது சமம். 13-வதில் லூயிஸை வீழ்த்தியே தீருவேன் என்று இறங்கி அடித்தார், அந்த ரவுண்டு முடிய இரண்டு நொடி இருக்கும்போது விழுந்தார். 1952 செப்டம்பரில் பிலடெல்ஃபியாவில் சாம்பியன் வால்காட்டோடு மோதிய மார்சியானோ முதல் ரவுண்டிலேயே தரையைத் தொட்டார். 12 ரவுண்டு முடிவில் மூன்று தாளிலும் வால்காட் முன்னிலை. 13-வதில் மார்சியானோவின் ஒரே ஒரு குட்டையான வலது கைக் குத்து, வால்காட் விழுந்தார். 1978-ல் லாரி ஹோம்ஸும் கென் நார்ட்டனும் 14 ரவுண்டு வரை மூன்று தாளிலும் சமம். கடைசி மூன்று நிமிடத்தில் பட்டம் கை மாறியது.

இன்றைய விதிப்படி எண்ணினால் கான் சாம்பியன், மார்சியானோவின் கணக்கில் ஒரு தோல்வி. ஆனால் அப்படி வெட்டிப் பார்ப்பதும் தப்பு. 15 ரவுண்டுக்கு வந்தவர் முதல் ஐந்து ரவுண்டில் மூச்சைச் சேமிப்பார். 12 என்று தெரிந்திருந்தால் லூயிஸ் எட்டாவதிலேயே விரட்டத் தொடங்கியிருப்பார். ஆகவே 12 ரவுண்டுக்காரரை 15-க்குள் தள்ளிப் பார்ப்பது, 15 ரவுண்டுக்காரரை 12-க்குள் அடைத்துப் பார்ப்பது, இரண்டையும் விடுங்கள். அவரவர் காலத்து நீளத்துக்கு அவரவர் எப்படிக் கணக்குப் போட்டார் என்பதைப் பாருங்கள்.

அடுத்தது எதிராளியின் அன்றைய வயது. மார்சியானோ 1951-ல் அடித்த லூயிஸுக்கு 37 வயது, 1952-ல் அடித்த வால்காட்டுக்கு 38. அவர் அடித்த ஆர்ச்சி மூரும் நாற்பதை நெருங்கியவர், லைட் ஹெவிவெயிட் சாம்பியன். நல்ல வயதில் இருந்தவர் என்று சொன்னால் 1954-ல் இரண்டு முறை மோதிய எஸார்ட் சார்ல்ஸைத்தான் சொல்லலாம், அவருக்கே 32, 33. இதனால் மார்சியானோ சின்னவர் ஆகிவிட மாட்டார். 13-வது ரவுண்டிலும் முதல் ரவுண்டு வேகத்தில் குத்தக்கூடியவர் அவர். ஆனால் 49-0 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு முதலிடம் கொடுக்க முடியாது. என் வரிசையில் ஐந்துக்குள் வருவார், மேல் இரண்டில் வரமாட்டார்.

கீழக்கரை இடக்கையன்:

தொண்டி காக்கா (அண்ணன்) சொன்னதோட இன்னொண்ணு சேர்த்துக்கங்க. ஒருத்தரோட தரம் தோல்விக்குப் பிறகுதான் தெரியும். எதனால தோத்தாரு, அதைத் திருத்தினாரா இல்லையா. இதுல லூயிஸுக்கு மேல யாரும் கிடையாதுன்னு நான் உறுதியாச் சொல்லுவேன்.

1936-ல மாக்ஸ் ஷ்மெலிங் லூயிஸை 12-வது ரவுண்டுல வீழ்த்தினாரு. ஷ்மெலிங் லூயிஸோட பழைய சண்டைப் படத்தைப் போட்டுப் பார்த்து ஒரு குறையைக் கண்டுபிடிச்சிருந்தாரு. லூயிஸ் இடது கையால ஜாப் (சட்டுனு நீட்டி எடுக்கிற நேர்குத்து) போட்டுட்டு அதே உயரத்துல கையைத் திருப்பிக் கொண்டுவர மாட்டாரு, கை கீழ இறங்கி வரும். அந்தச் சந்துல ஷ்மெலிங்கோட வலது கை தாடைக்குப் போச்சு, ரவுண்டுக்கு ரவுண்டு. பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன் அதைத் திருத்தினாரு. 1938 மறுசண்டை 124 நொடியில முடிஞ்சுது. பையன்களுக்கு முதல்ல இந்த ரெண்டையும் ஒண்ணா வச்சுக் காட்டுங்க. முதல் படத்துல லூயிஸோட இடது கையை மட்டும் பார்க்கச் சொல்லுங்க, முகத்தைப் பார்க்க வேணாம். ஜாப் போற பாதை எதுவோ திரும்புற பாதையும் அதுதான்னு நூறு தடவை வாயால சொல்றதைவிட இது ஒரே நாள்ல பதியும்.

அலிக்கும் இதே சோதனை வைக்கணும். 1962-ல சானி பேங்க்ஸ், 1963-ல ஹென்றி கூப்பர், 1971-ல ஜோ ஃப்ரேசியர், மூணு பேரும் அவரை விழ வச்சது இடது ஹூக்காலதான். தலையை நேரா பின்னால இழுத்துத் தப்பிக்கிறது அவரோட வழக்கம், கையும் தாழ்வா இருக்கும். நேர்குத்துக்கு அது போதும், வளைஞ்சு வர்ற ஹூக் எட்டிப் பிடிச்சுரும். பயிற்சியாளர் எடி ஃபட்ச் இன்னொண்ணையும் கவனிச்சாரு: வலது அப்பர்கட் (கீழேர்ந்து மேல வர்ற குத்து) போடப் போகும்போது அலியோட வலது கை கீழ இறங்கும், அந்த நேரம் பார்த்து ஹூக் போடுன்னு ஃப்ரேசியருக்குச் சொல்லிக்கொடுத்தாரு. இந்தக் குறையை அலி கடைசிவரை திருத்தவே இல்லை. வேகம் இருந்தவரைக்கும் வேகம் மறைச்சுச்சு, அப்புறம் தாடையும் மனசும் தாங்குச்சு.

25 முறை பட்டத்தைக் காத்தது லூயிஸ், 1937 முதல் 1949 வரை, அதுவும் ஒரே ஒரு சாம்பியன் இருந்த காலத்துல. 1940 டிசம்பர்லேர்ந்து 1941 ஜூன் வரைக்கும் ஏழு மாசத்துல ஏழு பட்டச் சண்டை. எதிராளிங்கள்ல சிலர் சாதாரண ஆளுங்கதான், மறுக்கலை. ஆனா மாசத்துக்கு ஒருத்தரோட இறங்குற உடம்பு இன்னிக்கு யாருக்கு இருக்கு? எனக்கு லூயிஸ் ஒண்ணு, அலி ரெண்டு.

மண்டபம் தோணித்துறை:

காக்கா, லூயிஸை முதலில் வைப்பதை நான் ஏற்கவில்லை. எண்ணிக்கையை வைத்துத் தரம் பிரித்தால் விளாதிமிர் கிளிட்ச்கோ 2006 முதல் 2015 வரை 18 முறை காத்தாரே, அவரை எங்கே வைப்பீர்கள்? யார் யாரை எதிர்த்து நின்றார்கள் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. லிஸ்டன், பாட்டர்சன், ஃப்ரேசியர், நார்ட்டன், ஃபோர்மன். இத்தனை பேரும் ஒருவரின் கணக்கில் இருப்பது அலிக்கு மட்டும்தான். அதிலும் 1967 மார்ச்சிலிருந்து 1970 அக்டோபர் வரை, 25 முதல் 28 வயது வரை, அவர் ரிங்கில் ஏறவே முடியவில்லை. கால் வேகம் உச்சத்தில் இருக்கும் வயது அது. 1966-ல் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்த அலியையும் 1974-ல் கின்ஷாசாவில் ஃபோர்மனுக்கு எதிரே கயிற்றில் சாய்ந்து நின்ற அலியையும் பாருங்கள். இரண்டு வேறு மனிதர்கள், இருவரும் சாம்பியன். அலி ஒன்று, லூயிஸ் இரண்டு.

பாம்பன் தம்பி கேட்ட உடல் அளவு பற்றி. பாய் கட்டி ஓடின வத்தையையும் இன்ஜின் வைத்த விசைப்படகையும் ஒன்றாக விட்டு எது முந்தும் என்று கேட்பது வீண். பாய்க்காரன் காற்றை எப்படிப் பிடித்தான் என்று கேட்டால் பதில் உண்டு. மார்சியானோ இன்று இருந்தால் ஹெவிவெயிட்டே கிடையாது, 90.7 கிலோ வரம்புள்ள க்ரூசர்வெயிட்டில்தான் இறங்குவார். அந்தப் பிரிவு உருவானதே 1980-ஐ ஒட்டித்தான்.

ஆனால் எடை மட்டும் வெல்லும் என்றும் நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் உசிக் சுமார் 102 கிலோ, ஃபியூரி சுமார் 127. மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள். காரணம் கால். உசிக் இடக்கைக்காரர். தன் வலது முன்காலை எதிராளியின் இடது முன்காலுக்கு வெளிப்பக்கம் வைத்துவிடுவார். அங்கிருந்து அவருடைய இடது நேர்குத்து எதிராளியின் இரண்டு கைக்கும் நடுவே போகும், எதிராளியின் வலது கைக்கு அவர் தோள் மறைவில் இருப்பார். பெரிய உடம்பு திரும்பி நேராவதற்குள் அவர் அடுத்த கோணத்துக்கு நகர்ந்திருப்பார்.

உடம்பு பெரிதாகவும் இருந்து வேலையும் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு லெனக்ஸ் லூயிஸ். 196 செ.மீ. உயரம். மெக்காலிடமும் ரஹ்மானிடமும் விழுந்தார், இருவரையும் திரும்ப வென்றார். கீழக்கரை காக்காவின் சோதனையில் இவரும் தேறுகிறார், ஏனோ பேச்சில் இவர் பெயர் வருவதே இல்லை.

பாம்பன் பாலத்தடி:

நன்றிண்ணே, எல்லாருக்கும். டைசன் பத்தி யாரும் வாயே திறக்கலையே? சின்னப் பையன்கள் அதைத்தான் கேப்பாங்க.

தொண்டி வாடைக்காற்று:

டைசனைக் காட்டுங்கள், ஆனால் இரண்டு சண்டை சேர்த்து. 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் முடித்தது, 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் 10-வது ரவுண்டில் விழுந்தது. முதலாவதில் தலை ஓர் இடத்தில் நிற்காது, உடலுக்கு ஒன்று தலைக்கு ஒன்று என்று குத்து சேர்ந்து சேர்ந்து வரும். பயிற்சியாளர் கெவின் ரூனி விலக்கப்பட்ட பின் தலை அசைவு குறைந்தது, ஒற்றைக் குத்தாக வீசத் தொடங்கினார். டக்ளஸுக்கு ஏறக்குறைய ஓர் அடி கை நீளம் அதிகம். ஜாப் போட்டுத் தூரத்தில் நிறுத்தினார், நெருங்கினால் கட்டிப் பிடித்தார். கட்டிப் பிடித்தால் உள்ளே கை வேலை செய்யாமல் நடுவர் பிரிக்கட்டும் என்று நிற்பது 1987-லேயே டைசனிடம் இருந்த பழக்கம். டைசனின் கண் வீங்கியபோது அவருடைய உதவியாளர்கள் நிற்கும் மூலையில் வீக்கத்தை அமுக்கும் குளிர்ந்த இரும்புகூட இல்லை, ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி ஒத்தடம் கொடுத்தார்கள். மூலையில் நிற்கப்போகிற பையன் இதையும் பார்க்க வேண்டும்.

கின்ஷாசா சண்டையைப் போட்டால் ஒரு எச்சரிக்கை. கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியே ஜெயித்தார் என்று பையன்கள் எடுத்துக்கொள்வார்கள். முதல் ரவுண்டில் அலி ஜாப் இல்லாமல் நேரடியாக எறியும் வலது கையை எண்ணச் சொல்லுங்கள். கட்டிப் பிடிக்கும்போதெல்லாம் ஃபோர்மனின் கழுத்தைக் கீழே அழுத்தித் தன் எடையைப் போடுவதைக் காட்டுங்கள். ஃபோர்மனுக்கு மூச்சு போனதில் அதற்கும் பங்கு உண்டு. பழகும்போது யாரையும் கயிற்றில் சாய விடாதீர்கள், விலா தாங்காது.

கீழக்கரை இடக்கையன்:

ஜாபுக்கு லாரி ஹோம்ஸைச் சேர்த்துக்கங்க, நார்ட்டன் சண்டையே போதும். பார்த்துட்டு ஹூக் பழகணும்னு உடனே மணலுக்கு ஓடுவாங்க, விடாதீங்க. ஹூக்குக்கு முன்கால் விரலடி மேட்டுல ஊனிப் பாதம் திரும்பணும். காய்ஞ்ச மணல் பாதத்தைப் பிடிச்சுக்கும், முறுக்கு முட்டியில இறங்கும். ஸ்கிப்பிங்குக்கும் ஓட்டத்துக்கும் அலை நனைச்ச இறுகின மணல் போதும், ஹூக்குக்கு சிமெண்டுத் தரையோ பலகையோ வேணும்.

1910 ஜாக் ஜான்சன், ஜெஃப்ரிஸ் சண்டையைப் போட்டா வேகத்தைக் குறைச்சுப் போடுங்க. அந்தக் காலப் படம் நொடிக்கு 16, 18 ஃப்ரேம்னு எடுத்தது, இப்போ ஓட்டுனா ஆளுங்க துள்ளுற மாதிரி தெரியும். 0.75-ல வச்சாத்தான் ஜான்சன் எதிராளியோட கையை எப்படிப் பிடிச்சு அடக்குறாருன்னு விளங்கும்.

மண்டபம் தோணித்துறை:

எல்லாச் சண்டையையும் ஒலியை அணைத்துப் போடுங்கள். கூட்டம் கத்துவதும் வர்ணனையாளர் சொல்வதும் கண்ணைக் கெடுக்கும். ஆளுக்கு ஒரு தாள், ரவுண்டுக்கு 10-9 (வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9), விழுந்தால் 10-8, ரவுண்டு முடிந்ததும் எழுதிவிட வேண்டும், பிறகு திருத்தக் கூடாது. 1971 அலி, ஃப்ரேசியர் சண்டைக்கு மட்டும், யார் எத்தனை ரவுண்டு வென்றார் என்ற கணக்கு. அன்று நடுவர்கள் கொடுத்தது 9-6, 11-4, 8-6-1 (கடைசி எண் சமமான ரவுண்டு), மூன்றும் ஃப்ரேசியருக்கு. 11-4 அதிகம் என்பது என் கருத்து, பையன்கள் தாளில் என்ன வருகிறது என்று இங்கே போடுங்கள்.

பாம்பன் பாலத்தடி:

அப்போ வர்ற வெள்ளிக்கிழமை மார்சியானோ, வால்காட்டில் தொடங்குறோம். 12-வது ரவுண்டு மணி அடிச்சதும் படத்தை நிறுத்தி எல்லார் தாளையும் வாங்கி வச்சுட்டு, அப்புறம்தான் 13 போடுறோம்.